தேறலும் தெளிவும்: திராட்சை மதுவை வடித்தெடுத்த வரலாறு

நன்னூலார் மாணாக்கரை மூவகைப்படுத்தியவிடத்து, கடைமாணாக்கருக்கு உவமையாக இல்லிக்குடம், ஆடு, எருமை என்பவற்றோடு நெய்யரியையும் வைத்தார். நெய்யரியாவது நெய்யை வடிக்கும் பன்னாடை. நெய்யைக் கீழே ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்னிடத்தே இருத்திக்கொள்வது அதன் இயல்பு. ஆசிரியர் சொன்ன நயங்களையெல்லாம் ஒழுகவிட்டு, அவர் வாய்தவறிச் சொன்ன ஒன்றை மாத்திரம் பற்றிக்கொள்ளும் மாணவனுக்கு இதனிலும் பொருத்தமான உவமை கிடைப்பதரிது. ஆயினும் நெய்யரியின் பக்கத்தில் நின்று பேசுவாரும் ஒருவர் வேண்டும். மாணாக்கனிடத்துக் குற்றமாகிய அவ்வியல்பே நெய்யுண்பவனுக்குப் பேருதவியாகின்றது. நெய்யரி எதனை இருத்துகின்றது, எதனை விடுகின்றது, விடவேண்டியதொன்றையும் கசட்டோடு சேர்த்து இருத்திவிடுகின்றதா என்பவை எளிய வினாக்கள்போலத் தோன்றும். இவ்வினாக்களை முன்வைத்து மேலைநாட்டார் ஈராயிரம் ஆண்டுகளாக வாதாடி வந்துள்ளனர். அவர் வாதாடியது நெய்யைப்பற்றியன்று, வைன் எனப்படும் திராட்சை மதுவைப்பற்றி.

மதுவைப்பற்றிய கட்டுரைக்குக் கல்லூரி மலரில் இடமுண்டோ என ஐயுறும் அன்பர்கள் சிறிது பொறுப்பார்களாக. இங்கே பேசப்படுவது குடித்தலன்று, வடித்தல்.

தமிழ்மொழி இப்பொருளிற் கூர்ந்த நோக்குடையது. கள், மது, நறவு, தேறல் எனப் பல சொற்கள் நமக்குள. அவற்றுள் தேறல் என்பது தேறு என்னும் வினையடியாகப் பிறந்தது. தெளிந்தது என்பதே அதன் பொருள். கலங்கிய நீரைத் தெளிவிக்கும் வித்துக்குத் தேற்றாங்கொட்டை என்று பெயர் வந்ததும் இவ்வடியினாலேயே. யவனர் நல்ல கலங்களிற் கொண்டுவந்து கொடுத்த மதுவைப்பற்றிப் புறநானூற்று 56ஆம் பாட்டிற் குறிப்பிடும் நக்கீரர், அதனைத் தேறல் என்றே வழங்குகின்றார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டிலே 1945ஆம் ஆண்டில் மோட்டிமர் உவீலர் நடத்திய அகழ்விலே மத்தியதரைக்கடல் நாடுகளின் இருகைச் சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. மது கடல்கடந்து வந்தது அத்தகைய சாடிகளிலேயே. சாடிக்குள் இருந்தபோது அது முற்றத் தெளிந்ததாய் இருந்திருக்குமோ என்பது வேறு வினா. அக்காலத்து மேலைநாட்டார் மதுவைப் பரிமாறும் வேளையிலேயே வடித்தனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

திராட்சைச் சாறு மதுவாகும்போது ஏன் கலங்குகின்றது? பழத்தின் தோல், சதை, வித்து ஆகியவற்றின் துணுக்குகள் அதிலே மிதக்கின்றன. சர்க்கரையை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிய மதுவத்தின் உயிரணுக்கள் கோடிக்கணக்கில் அதில் உள. அவற்றின் பருமன் 5 முதல் 10 மைக்குரோன். ஒரு மைக்குரோனாவது மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு. அவற்றினுஞ் சிறியவை பற்றீரியாக்கள். அவற்றினும் மிகச் சிறியனவாகப் புரதம், தனின், நிறப்பொருள் ஆகியவை கூழ்நிலையில் நிற்கின்றன. துணுக்குகள் தம் பாரத்தாற் சில நாட்களில் அடியில் அடையும். மதுவம் சில கிழமைகளில் அடையும். கூழ்நிலைப் பொருள்களோ ஆண்டுக்கணக்கிற் காத்திருந்தாலும் அடையா. ஆதலின் மதுவைத் தெளியச்செய்வதற்கு மூன்று வழிகள் ஏற்பட்டன. தானே தேறவிடல் ஒன்று. வேறொரு பொருளையிட்டுத் தேற்றுதல் ஒன்று. துளையுள்ள பொருளினூடாக வடித்தல் ஒன்று. மூன்றும் தனித்தனியே வளர்ந்தனவல்ல. ஒன்று தளர்ந்தவிடத்து மற்றொன்று கைகொடுத்து வந்தது.

முதலாவது வழியே மிகத் தொன்மையானது. கோக்கேசிய நாடாகிய ஜோர்ஜியாவிலே கி. மு. 6000 ஆண்டளவினவான மட்பாண்டத் துண்டுகளில் திராட்சை மதுவின் இரசாயனச் சுவடுகள் கண்டறியப்பட்டமை 2017ல் வெளியிடப்பட்டது. அந்நாட்டார் இன்றும் குவெவ்ரி எனப்படும் முட்டைவடிவப் பெருந்தாழிகளை வாய்மட்டுக்கு நிலத்திற் புதைத்து அவற்றிலே மதுவை நொதிக்கவிடுகின்றனர். தாழியின் அடி கூம்பி முடிவது. வித்தும் தோலும் மதுவமும் அக்கூம்பினுள் ஒடுங்கிவிட, மேலே நிற்கும் மது அவ்வடையலோடு மிகச் சிறிய பரப்பிலேயே தொடுகை கொள்ளும். புவியின் ஈர்ப்பையே வடியாக்கிய இம்முறையை யுனெஸ்கோ நிறுவனம் 2013ல் மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

எகிப்தியர் துணியை நாடினர். அவர்களுடைய பழைய அரசுக்காலக் கல்லறைச் சுவர்களிலே ஒரு வேடிக்கையான காட்சி பலமுறை வருகின்றது. மிதித்த திராட்சைச் சக்கையை நீண்ட துணிப்பையில் இட்டு, அதன் இருமுனைகளிலும் கழிகளைப் பூட்டி, ஆடவர் எதிரெதிராக முறுக்குகின்றனர். முறுக்கேறக் கழிகள் ஒன்றையொன்று நெருங்குமல்லவா? அதனைத் தடுப்பதற்காக ஒருவன் அவற்றினிடையே கையையுங் காலையும் நீட்டி அந்தரத்திற் கிடந்து தள்ளுகின்றான். சாற்றை முற்றாகப் பிழிவதே அவர்தம் நோக்கம். ஆயினும் தோலும் வித்தும் பையினுள் நிற்க, சாறு மாத்திரம் தாழியில் விழுந்தது. பிழிதலும் வடித்தலும் ஒரே பையில் நிகழ்ந்தன.

உரோமரிடத்தே இப்பொருள் தொழிலாக மாத்திரமன்றி விவாதமாகவும் மாறிற்று. அவர்கள் கீல் பூசிய சாடிகளில் மதுவை அடைத்து ஆண்டுக்கணக்கில் வைத்தனர். ஒப்பிமியசு என்பான் ஆட்சித்தலைவனாயிருந்த கி. மு. 121ஆம் ஆண்டின் மது, ஏறத்தாழ இருநூறாண்டு கழிந்தபின் தேன்போல் இறுகிக் கசப்பேறியிருந்தது என மூத்த பிளினி எழுதினார். நீர் கலவாமல் அதனை அருந்த இயலாதாம். இத்தகைய மதுவைக் கிண்ணத்தில் ஊற்றுமுன் வடித்தல் இன்றியமையாததாயிற்று. அதற்கு அவர்களிடம் இரு கருவிகள் இருந்தன. வெண்கலத்திலோ வெள்ளியிலோ செய்த துளைக்கரண்டி ஒன்று. அதனைக் கோலும் என்றனர். கோலம்போலத் துளையிட்ட அத்தகைய வடிகள் பல இன்று ஐரோப்பிய அரும்பொருட்சாலைகளில் உள்ளன. மற்றையது சணற்றுணியாலான பை. அதன் பெயர் சாக்குசு. நாம் அரிசி கட்டும் சாக்கும் ஐரோப்பியர் வாயிலாக நம்மிடம் வந்த அதே சொல்லின் வழித்தோன்றலே.

துளைக்கரண்டி பெருங்கசட்டை மாத்திரம் தடுத்தது. அதன்மேல் எவரும் குறைகூறியதாகத் தெரியவில்லை. துணிப்பையே வழக்குக்கு இடமாயிற்று. கவிஞர் ஹொரேஸ் (கி. மு. 65 - கி. மு. 8) தமது அங்கதச் செய்யுள்களின் இரண்டாம் தொகுதியில், உணவுச் சுவைஞன் ஒருவனின் உபதேசங்களைக் கேலியாக எடுத்துரைக்கின்றார். மாசிக்க நாட்டு மதுவைத் தெளிந்த வானத்தின்கீழ் இரவிலே வைத்தால் அதன் கலங்கல் நீங்கும் என்றும், துணியிலே வடித்தாலோ அதன் முழுச்சுவை கெடும் என்றும் அவன் கூறுகின்றான். மதுவிலே புறாமுட்டையை இட்டால், மஞ்சட்கரு கலங்கலைத் திரட்டிக்கொண்டு அடியிற் சென்று சேரும் என்பதும் அவன் உபதேசம். அவனுடைய செருக்கைக் கண்டு நகைப்பதே கவிஞர் கருத்தாகலாம். ஆயினும் நாம் மேலே கூறிய மூவழிகளும் ஒரு சுவைஞனின் வாயில் அடுத்தடுத்து வந்துவிட்டன. துணியின்மேல் அவன் சுமத்திய குற்றச்சாட்டு இன்றுவரை தீர்ந்தபாடில்லை.

பிளினியின் (கி. பி. 23 - 79) கூற்று இன்னுஞ் சுவையானது. அவர் தமது இயற்கை வரலாற்றின் 14ஆம் நூலிலே, மிகுதியாகக் குடிப்பதற்காகவே மனிதர் மதுவைப் பையில் வடித்து அதன் வலிமையை முறிக்கின்றனர் என்று கடிந்துரைத்தார். அதே பிளினி 23ஆம் நூலில் மருத்துவம் பேசும்போது, பையினால் வலிமை முறிக்கப்பட்ட மதுவே எல்லார்க்கும் நன்மை பயப்பது என்கின்றார். இதனை முரண்பாடென்று தள்ளிவிடுதல் எளிது. வடித்தால் ஏதோவொன்று குறைகின்றது என்பதில் அவர்க்கு ஐயமில்லை. அது நட்டமோ நலமோ என்பதிலேயே இடத்துக்கேற்ப உரை மாறிற்று. உண்மையில் துணிப்பை மதுசாரத்தைக் குறைக்கவல்லதன்று. மதுசாரம் நீரைப்போலவே துணியினூடு எளிதிற் செல்லும். துணியிலே நிற்பது கசடு. காற்றோடு கலந்து போவது மணம். கடுமை குறைந்ததாக நாவுக்குத் தோன்றியதனைப் பிளினி வலிமை முறிந்ததாகக் கொண்டார் எனலாம்.

இடைக்காலத்து ஐரோப்பாவில் மருந்து செய்வோர் கம்பளியாலான கூம்புப்பை ஒன்றை வைத்திருந்தனர். கிரேக்க மருத்துவ முதல்வரின் பெயரால் அதனை இப்போக்கிராத்தீசின் சட்டைக்கை என்றனர். கறுவாவும் இஞ்சியும் சர்க்கரையும் இட்டு ஊறவைத்த மதுவை அதில் வடித்தெடுத்து, அதற்கு இப்போக்கிராசு என்று பெயரிட்டனர். ஆனால் மதுவை விளைவிப்போரிடத்தே அக்காலத்தில் வடித்தல் பின்தள்ளப்பட்டுத் தேறவிடலும் தேற்றுதலுமே மேலோங்கின. சாடியின் இடத்தை மரப்பீப்பாய் பிடித்துக்கொண்டது. பீப்பாயின் அடியில் அடையல் தங்கியதும் மேலுள்ள மதுவை மெல்ல வேறு பீப்பாய்க்கு மாற்றுவர். சில மாதங்கள் கழித்து மீண்டும் மாற்றுவர். பெருந்தொகையான மதுவைத் துணியில் வடித்தால் அது நெடுநேரம் காற்றிற்பட்டுப் புளித்துவிடும் என்பதை அவர் அநுபவத்தால் அறிந்திருந்தனர்.

தேற்றுதற் கலை பிரான்சின் போர்தோ நாட்டிற் செம்மையுற்றது. 225 இலீற்றர் கொள்ளும் பீப்பாய் ஒன்றுக்கு ஐந்தாறு முட்டைகளின் வெள்ளைக்கருவை எடுத்துச் சிறிது அடித்து மதுவிற் கலக்குவர். சில கிழமைகளில் வெள்ளைக்கரு கலங்கலை வாரிக்கொண்டு அடியில் அடைந்துவிடும். ஹொரேசின் சுவைஞன் மஞ்சட்கருவுக்குக் கொடுத்த பெருமை வெள்ளைக்கருவுக்கே உரியது. எஞ்சிய மஞ்சட்கருவை என் செய்வது? கனெலே என்னும் பணியாரம் அதிலிருந்தே பிறந்தது என்பர் அந்நகரத்தார். அது வரலாறோ செவிவழிக் கதையோ, பணியாரம் மட்டும் உண்மையே. வெள்ளைமதுவுக்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையும், பிறவிடங்களிற் பாலும், மாட்டிரத்தமுங்கூடப் பயன்பட்டன. இரத்தத்தின் பயன்பாடு, பசுக்களின் மூளைநோய் ஐரோப்பாவை அச்சுறுத்திய 1990களின் பிற்பகுதியிலேயே அங்கு சட்டத்தால் நிறுத்தப்பட்டது. முட்டையாலோ பாலாலோ தேற்றிய மதுவில் அவற்றின் எச்சம் இருப்பின் அதனைப் போத்தலின்மேற் குறித்தல் வேண்டுமென்னும் விதி ஐரோப்பிய ஒன்றியத்தில் 2012ல் நடைமுறைக்கு வந்தது.

இப்பொருள்கள் செய்வதென்ன என்பதை 20ஆம் நூற்றாண்டின் கூழ்நிலை இரசாயனமே விளக்கிற்று. மதுவின் அமிலத்தன்மையிற் புரதம் நேரேற்றம் பெறும்; தனின் மறையேற்றம் உடையது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிணைந்து, திரண்டு, பாரமேறி வீழ்கின்றன. தேற்றும் பொருளும் தானாக எஞ்சுவதில்லை, கசடும் எஞ்சுவதில்லை. இதற்கு மறுதலையான தொல்லையும் உண்டு. வெள்ளைமதுவில் இயல்பாக உள்ள புரதமே வெப்பநாளிற் கலங்கித் தோன்றும். புரதத்தைப் புரதத்தால் நீக்குதல் ஆகாது. மறையேற்றமுள்ள பெந்தொனைற்று என்னும் களிமண் அதற்கு மருந்தாமென்பது 1934ல் கலிபோர்னியாவில் வெளியிடப்பட்டது. இன்று உலகெங்கும் வெள்ளைமதுவைத் தேற்றுவது பெரும்பாலும் அக்களிமண்ணே.

சம்பாஞ் நாட்டாரின் இடர் தனியொன்று. அவர் மது போத்தலுக்குள்ளேயே இரண்டாம்முறை நொதிப்பது. குமிழி அவ்வாறே உண்டாகின்றது. மதுவமும் அங்கேயே கிடக்கின்றது. வேறு கலத்துக்கு மாற்றினாற் குமிழி போய்விடும். 1805ல் தமது 27ஆம் வயதிற் கணவரை இழந்து வணிகத்தை ஏற்ற கிளிக்கோ அம்மையாரின் நிலவறையில் இதற்கொரு வழி பிறந்தது. 1816ஆம் ஆண்டென்பது வழக்கு. துளையிட்ட பலகையிற் போத்தல்களைத் தலைகீழாகச் சாய்த்து, நாடோறும் சிறிது திருப்பிக் குலுக்கி நிமிர்த்திவர, அடையல் முழுவதும் தக்கையின்மேல் வந்து சேரும். பின்னர் தக்கையைத் திறக்க, உள்ளமுக்கம் அதனை வெளியே எறிந்துவிடும்.

இனி வடித்தலுக்கு மீள்வோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இரு பிரெஞ்சு அறிஞர், ஒருவர் நீரை நோக்கியும் ஒருவர் மதுவை நோக்கியும் செய்த வேலைகளால் இக்கலையின் போக்கே மாறியது.

மதுவுக்குப் பெயர்போன பர்கண்டியின் தலைநகர் திசோன். அந்நகரிற் பிறந்த பொறியியலாளர் ஆன்றி தார்சி (1803 - 1858), தொலைவிலிருந்த ஊற்றொன்றின் நீரை 1840ல் நகருக்குக் கொணர்ந்தார். பின்னர் அவர் மணல்வடிகளை ஆராய்ந்தார். நிமிர்ந்து நிற்கும் குழாயொன்றை மணலால் நிரப்பி, அதனூடு செல்லும் நீரை அளந்து, 1856ல் ஒரு விதியை வெளியிட்டார். வடியின் பரப்புக்கும் அமுக்க வேறுபாட்டுக்கும் ஏற்ப ஓட்டம் மிகும். வடியின் தடிப்புக்கேற்ப அது குறையும். எஞ்சியது மணலின் தன்மையைப் பொறுத்தது. நிலத்தடி நீரையும் எண்ணெயையும் ஆராய்வோர் இன்றும் கைக்கொள்வது இவ்விதியையே. மது வடிப்போனுக்கு இது கூறும் செய்தி கசப்பானது. துளை நுண்ணிதாக ஆக ஓட்டம் மிக விரைவாகக் குன்றும். அமுக்கத்தைக் கூட்டினாலோ, மதுவின் கசடு நொளுநொளுப்பானதாகலின் நசுங்கி, இருந்த துளையையும் அடைத்துவிடும். மணல் நசுங்காது, மதுவம் நசுங்கும். நுண்மையும் விரைவும் ஒருங்கே எவ்வாறு பெறுவது என்பதே அதன்பின் வந்த பொறியியலாளர் அனைவரும் விடைதேடிய வினா.

மற்றையவர் லூயி பாஸ்ரர். 1860ல் இங்கிலாந்தோடு செய்துகொண்ட வர்த்தக உடன்படிக்கையினாற் பிரெஞ்சு மதுவுக்கு வெளிநாட்டுச் சந்தை விரிந்தது. ஆனால் அனுப்பிய மது வழியிலே புளித்தும் கசந்தும் எண்ணெய்போற் கொழகொழத்தும் கெட்டது. திராட்சையே வாழ்வாயிருந்த குடிகளுக்கு அது பேரிடி. மூன்றாம் நெப்போலியன் 1863ல் இதனை ஆராயுமாறு பாஸ்ரரை வேண்டினான். தாம் வளர்ந்த ஆர்புவா என்னும் சிற்றூருக்கே அவர் நுணுக்குக்காட்டியோடு சென்றார். நோயுற்ற மதுவின் அடையலை ஒவ்வொன்றாக நோக்கினார். புளித்ததில் ஒருவகை நுண்ணங்கி, கசந்ததில் வேறொருவகை, கொழகொழத்ததில் இன்னொருவகை. 1866ல் வெளிவந்த அவரது நூல் அவற்றைச் சித்திரங்களோடு காட்டிற்று. மதுவை 50 - 60 பாகைவரை சிறிதுநேரம் சூடாக்கினால் அவை அழியும் என்பதே அவர் கூறிய தீர்வு. நாம் இன்று பாலுக்குச் செய்யும் முறைக்கு அவர் பெயர் நிலைத்தது. மதுவை விளைவிப்போரோ நெருப்புக்கு அஞ்சினர். சுவை வெந்துவிடும் என்றனர்.

பாஸ்ரருக்கு முன்னர் அடையல் அழுக்கு. அவருக்குப் பின்னர் அதுவொரு குடியிருப்பு. அதுவரை தெளிவு கண்ணுக்கு விருந்தாயிருந்தது. இப்பொழுது அது மதுவின் ஆயுளைப்பற்றியதாயிற்று. ஒரு மது கண்ணாடிபோலத் தெளிந்திருந்தும் ஆயிரக்கணக்கான நுண்ணங்கிகளைத் தன்னுட் கொண்டிருக்கலாம். சூடாக்காமல் அவற்றைப் போக்குவதாயின் வடித்தே போக்கவேண்டும். துணி அதற்கு உதவாது.

பாஸ்ரரின் உதவியாளர் சார்ல்ஸ் சம்பலாந்து 1884ல் மெருகிடாத பீங்கான் குழாயாலே பற்றீரியாவைத் தடுத்தார். மதுவுக்கு அது மிக மெதுவானது. ஆயினும் அத்தகைய வடியினூடும் நழுவிச்செல்லும் நோய்க்காரணி ஒன்றுண்டென 1892ல் இரசியர் இவனோவ்சுகி கண்டதிலிருந்தே வைரசு இயல் தோன்றியது. ஜேர்மனியிலே கீசெல்கூர் என்னும் வெண்மண் எடுக்கும் சுரங்க உரிமையாளர் பேர்க்கபெல்ற் என்பார், 1891ல் அம்மண்ணைச் சுட்டு வடிகுழாய் செய்தார். அம்மண் தொல்காலத்துத் தயற்றம் என்னும் ஒருகலத் தாவரங்களின் சிலிக்கா ஓடுகளாலானது; ஒவ்வோர் ஓடும் நுண்துளைகள் நிறைந்தது. நோபல் தமது வெடிமருந்தை ஊறவைத்ததும் இதே மண்ணிலேயே. அடுத்த ஆண்டில் ஹம்பேர்க் நகரைக் கொலரா தாக்கியது. வடிக்கப்படாத ஆற்றுநீரைக் குடித்த அந்நகரில் 8,600க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆற்றுநீரை மணலில் வடித்துக் குடித்த அயல்நகர் அல்தோனா பெரும்பாலும் தப்பியது. இரு நகரங்களுக்கும் இடையே இருந்தது ஒரு தெருவெல்லை மாத்திரம். வடித்தலின் பயனை அறிஞர் நூல்கள் காட்டியதிலும் அத்தெரு தெளிவாகக் காட்டிற்று.

தார்சியின் கசப்பான செய்திக்கு விடையும் இவ்வெண்மண்ணிலேயே கிடைத்தது. அதனைத் தூளாகவே கம்பிவலையின்மேற் படியவிட்டு, வடிக்கவேண்டிய மதுவிலும் இடைவிடாது சிறிது தூவிவந்தால், நசுங்கும் மதுவத்தோடு நசுங்காத ஓடுகளும் சேர்ந்து படிகின்றன. படை தடித்துக்கொண்டே போகும், ஆனால் அடைபடாது. 20ஆம் நூற்றாண்டிற் பெரிய மதுச்சாலைகள் பலவற்றிலும் முதல்வடிப்பு இம்முறையாலேயே நடந்தது.

இறுதிவடிப்புக்கு வேறொன்று வேண்டியிருந்தது. 1887ல் ஜேர்மனியின் குரோய்ஸ்நாக் நகரிற் சகோதரர் இருவர் நிறுவிய சைற்ஸ் நிறுவனம் கல்நாரை மதுவடிக்குப் பயன்படுத்திற்று. செலுலோசோடு கல்நார் இழைகளைக் கலந்து அட்டைபோல் அழுத்திய வடிதட்டுக்கள், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் பற்றீரியாவையும் தடுக்குமளவுக்குத் திருந்தின. இதன் இரகசியம் துளையின் நுண்மை மாத்திரமன்று. கல்நார் இழை நேரேற்றம் கொண்டது. நுண்ணங்கிகளின் மேற்பரப்போ மறையேற்றமுடையது. துளையிலுஞ் சிறிய உயிரும் இழையிலே ஒட்டிக்கொண்டது. நொதியாத இனிய சாற்றை நுண்ணங்கியற வடித்துச் சேமித்து, பின்னர் மதுவிற் கலந்து இனிப்பாக்கும் வழக்கம் ஜேர்மனியிற் பரவியது இவ்வடியின் பயனே. இனிப்பு மது மீண்டும் நொதித்துப் போத்தலை உடைக்கும் அச்சம் நீங்கிற்று. ஒரு நாட்டு மதுவின் சுவையையே ஓர் அட்டை மாற்றியமைத்தது என்றால் அது மிகையன்று.

ஆனால் அவ்வட்டைக்குரிய விலையை மது அருந்தியவர் கொடுக்கவில்லை. கல்நார்த் தூசை உள்ளிழுத்தவரின் நுரையீரல் இறுகுவதும், புற்றுநோய் தோன்றுவதும் படிப்படியாக நிறுவப்பட்டன. அந்நோய் வெளிப்படுவதற்கு இருபது முப்பது ஆண்டுகள் செல்லும். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் அத்தூசில் நின்றவர் தம் கைப்பட்ட இழை எந்த மதுவைத் தெளிவித்தது என்று அறிந்திரார். 1970களிலும் 1980களிலும் வடிதட்டிலிருந்து கல்நார் நீக்கப்பட்டு, ஏற்றமூட்டிய பிசின் சேர்த்த செலுலோசு அதன் இடத்துக்கு வந்தது. சூளையிற் சுட்ட கீசெல்கூர்த் தூளும் நுரையீரலுக்குத் தீங்கானதே. அதனைக் கையாள்வோர் முகமூடி அணிதல் வேண்டும். மதுவின் வரலாற்றை எழுதுவோர் சுவையைப்பற்றிப் பல பக்கங்கள் எழுதுவர். இதனைப்பற்றி ஒரு பந்தி எழுதுவாரும் அரியர்.

துளையின் அளவாலேயே தடுக்கும் மென்றகட்டுவடியைக் கோற்றிங்கன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சிக்மொண்டி முதலாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கினார். கூழ்நிலை ஆராய்ச்சிக்காக 1925ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றவர் அவரே. இரண்டாம் உலகப்போரின் பின் இவ்வடி குடிநீர்ச் சோதனைக்கும், பின்னர் மருந்துக்கும் மதுவுக்கும் வந்தது. இன்று போத்தலில் அடைப்பதற்குச் சற்றுமுன் மது 0.45 மைக்குரோன் துளையுள்ள தகட்டினூடு செல்வது பெருவழக்கு. தகட்டை முட்டாமல் அதன் முகத்தை உராய்ந்தவாறே மதுவை ஓடவிட்டு, ஓட்டத்தாலேயே கசட்டைத் துடைத்துச்செல்லும் குறுக்கோட்ட முறை 1980களில் மதுச்சாலைகளிற் புகுந்தது. வெண்மண்ணும் அட்டையும் பல இடங்களில் அதற்கு வழிவிட்டு வருகின்றன.

இத்துணை நுண்மை வாய்த்தபின் ஹொரேசின் சுவைஞன் மீண்டும் எழுந்தான். 1980களில் அமெரிக்க விமரிசகர் ரொபேட் பாக்கரும் வணிகர் கேர்மிற் லிஞ்சும், வடித்தல் மதுவின் உயிரை உரித்துவிடுகின்றது என்று வாதிட்டனர். வடிக்கப்படாதது என்னும் சொல் போத்தலின்மேற் பெருமையோடு அச்சேறியது. போர்தோவின் பேராசிரியர் எமில் பெய்னோ (1912 - 2004) இதனை ஏற்கவில்லை. ஒழுங்காகச் செய்தால் வடித்தலெனும் செயல் மதுவின் தரத்தைக் கெடுப்பதில்லை என்பது அவர் கருத்து. இருசாராரும் முற்றாகத் தவறினர் என்று கூற மனம் வரவில்லை. மணமும் மதுசாரமும் அமிலமும் மூலக்கூறளவின. எந்த மதுவடியும் அவற்றைத் தடுக்காது. ஆனால் நாவில் வழவழப்பைத் தரும் பெருங்கூழ்ப் பொருள்களிற் சில மிக நுண்ணிய வடியில் நின்றுவிடும். காற்றுப் புகவிட்டு வடிப்பவன் மணத்தையும் இழப்பான். மறுபுறத்தில், வடியாது அடைத்த மதுவிற் சிறிது சர்க்கரையும் சில மதுவ உயிரணுக்களும் எஞ்சியிருப்பின், வாங்கியவன் வீட்டிலே அது மீண்டும் நொதித்துக் கலங்கும். நிலவறையில் ஈராண்டு பொறுமையோடு தேறவிட்ட மதுவை வடிக்காமல் விடலாம். பொறுமைக்கு நேரமில்லாதவன் வடித்தேயாகவேண்டும். பெரும்பாலான வாதத்தின் அடியில் இருப்பது சுவையன்று, காலம் என்பது எம் துணிபு.

எவ்வளவு வடித்தாலும் செம்மது நெடுங்காலம் கிடந்தால், கரைந்து நின்ற தனினும் நிறப்பொருளும் ஆண்டுதோறும் இணைந்து பருத்து மீண்டும் அடையலாகின்றன. ஆதலால் முதிர்ந்த மதுவைப் பரிமாறுவோர் போத்தலை ஒருநாள் நிமிர்த்திவைத்து, பின்னர் மெதுவாகச் சாய்த்து வேறு கண்ணாடிக் கலத்தில் ஊற்றுகின்றனர். போத்தலின் கழுத்துக்குப் பின்னே ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருக்கும். அவ்வொளியிற் கருநிற அடையலின் முதல் இழை கழுத்தை நோக்கி வருவது கண்டதும் கையை நிறுத்துவர்.